வெள்ளிக் காசு சோதனை

மழைக்காலம் வந்தால் போதும், இயற்கை உணவு மேடைகளில் அந்தப் பேச்சும் முளைத்துவிடும். "காட்டுக் காளானோடு வெள்ளிக் காசைப் போட்டு வேகவையுங்கள், கறுக்காவிட்டால் தாராளமாகச் சாப்பிடலாம். பூச்சி அரித்ததா, பயமே வேண்டாம். பாட்டிக்குத் தெரியாததா?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டையும் வெள்ளிக் கரண்டியைக் கறுக்க வைக்கும். முட்டையை விஷமென்று யாரும் புதைத்ததாகத் தெரியவில்லை.

பூச்சி விஷயம்: அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற மரணத்தொப்பிக் காளானை ஓடில்லா நத்தைகள் நிம்மதியாகத் தின்கின்றன. நத்தையின் வயிற்றை நம்பி மனிதன் பந்தியில் உட்காருவானேன்?

பளிச்சென்ற நிறம்தான் விஷமாம். மரணத்தொப்பி மங்கிய பச்சை. ஐரோப்பியர் ஆசையாய்த் தின்னும் சீசர் காளானோ செக்கச் செவேலென்ற ஆரஞ்சு.

கொதிக்கவைத்தால் விஷம் இறங்கிவிடும் என்பதும் பொய். மரணத்தொப்பியிலுள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் உறைந்தாலும் அசையாது.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, "நேற்று ராத்திரி தின்றேன், கல்லு மாதிரி இருக்கிறேனே!" என்ற வாக்குமூலம். மரணத்தொப்பி ருசியாகவே இருக்கும் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தின்று ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அடுத்து அது தணியும். ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். அந்த ஓய்விலேயே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். 2011 கடைசி நாள் இரவு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இந்தக் காளானைச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் இருவர் சில நாட்களில் இறந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொழிலே சமையல். மேடைப் பேச்சாளரைவிட அவருக்குக் காளான் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா?

அங்கே ஓக் மரத்தடியில் முளைப்பதை வைக்கோல் காளான் என்று நினைத்து ஆசியக் குடியேறிகள் ஏமாறுகிறார்கள். இரண்டுக்கும் அடித்தண்டில் பை உண்டு. ஊரில் பழகிய கண் வேறு மண்ணில் பொய்க்கிறது.

ஆம், பாட்டிக்குத் தெரியும்: தன் ஊர்க் கறையான் புற்றில், இன்ன மழைக்கு இன்ன காளான் வரும் என்று. காசு போட்டுப் பார்த்து அவள் கற்றதல்ல அது. தெரியாத காட்டில் அவளும் அடியோடு தோண்டிப் பார்க்க வேண்டும். கத்தியால் நறுக்கினால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும். தொப்பியைத் தாளில் கவிழ்த்து ஓர் இரவு மூடிவைத்தால் வித்துத்தூள் படியும். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, மரணத்தொப்பிக்கு வெள்ளை. அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் கடையில் மொட்டுக் காளான் வாங்கிக்கொள்ளலாம்.