சாமி கும்பிடாதவன் குடியை விட முடியாதா?

நீளமான த்ரெட். குடியை நிறுத்த நினைக்கிறவங்க, அவங்க வீட்டுல இருக்கிறவங்க பொறுமையா படிங்க. "எனக்கு சாமி நம்பிக்கை இல்ல, அதனால இந்த ஏ.ஏ. கூட்டம் எல்லாம் ஒத்துவராது"னு சொல்றவங்க கட்டாயம் படிங்க.

அரசு மருத்துவமனை வார்டுல வாரம் தவறாம கேட்கிற ரெண்டு வசனம் இருக்கு. ஒண்ணு சொந்தக்காரங்க சொல்றது: "சார், இவனுக்கு தெய்வ பயம் இல்ல, அதான் இப்படி குடிக்கிறான். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் கயிறு கட்டிட்டா சரியாயிடுவான்." இன்னொண்ணு நோயாளி சொல்றது: "நான் சாமி கும்பிடாத ஆளு சார். அங்க போனா பிரார்த்தனை பண்ணச் சொல்லுவாங்க. எனக்கு வேணாம்." ரெண்டுமே தப்பு. ரெண்டுமே ஆளைக் கொல்ற தப்பு.

முதல்ல கயிறு விஷயம். பல வருஷமா தினமும் குடிக்கிறவரோட மூளை ஆல்கஹாலுக்குப் பழகிப்போய் இருக்கும். திடீர்னு நிறுத்தினா ஒரே நாள்ல கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம். ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள டெலிரியம் ட்ரெமென்ஸ்னு ஒரு நிலை வரலாம். சுவத்துல பூச்சி ஊருதுனு சொல்லுவார், இல்லாத ஆளோட பேசுவார், பெத்த பிள்ளையை அடையாளம் தெரியாது. நல்ல நாள் பார்த்து கயிறு கட்டி, அன்னைக்கே குடியை நிறுத்தி, மூணாவது நாள் ராத்திரி இப்படி ஆனா வீட்டுல என்ன நினைப்பாங்க? "சாமி வந்திருக்கு", இல்லேன்னா "காத்து கருப்பு". அந்த நேரத்துல அவருக்கு வேண்டியது லோரஸிபம், தயமின் ஊசி, சலைன், கூடவே ஒரு நர்ஸ். சிகிச்சை கிடைக்கலைன்னா உயிர் போகும். கயிறு கட்டுறது உங்க இஷ்டம். நிறுத்துற அந்த வாரத்துல ஆஸ்பத்திரி பக்கத்துல இருங்க.

இப்போ 12 படிகளுக்கு வருவோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ., 1935ல் அமெரிக்காவோட ஒஹாயோ மாநிலம் அக்ரன் நகரத்துல ரெண்டு குடிநோயாளிகள் ஆரம்பிச்சது. ஒருத்தர் பங்குச் சந்தை ஆளு பில் வில்சன், இன்னொருத்தர் அறுவை சிகிச்சை டாக்டர் பாப் ஸ்மித். ரெண்டு பேருமே ஆக்ஸ்ஃபோர்டு குரூப்ங்கிற கிறிஸ்தவ இயக்கத்தோட தொடர்புல இருந்தவங்க. அதனால 1939ல் வந்த அவங்க புத்தகத்துல கடவுள் வாசனை தூக்கலாவே இருக்கும். இதை மறைச்சு "ஏ.ஏ.வுக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்ல"னு சொல்றவங்க பேச்சை நம்பாதீங்க. 12 படிகள்ல 6 படிகள்ல கடவுளோ, நம்மை விடப் பெரிய ஒரு சக்தியோ வருது. எண்ணிப் பாத்துக்கலாம்: 2, 3, 5, 6, 7, 11.

ஆனா இந்தக் கதையோட இன்னொரு பாதியை ரெண்டு தரப்பும் சொல்றதில்ல. ஆரம்ப காலத்துலயே அந்தக் கூட்டத்துக்குள்ள நாத்திகர் ஒருத்தர் இருந்தார். ஜிம் பர்வெல். கூட்டத்துக்குக் கூட்டம் கடவுளைத் திட்டி எல்லாரையும் வெறுப்பேத்தின ஆளு. மூணாவது படியிலயும் 11வது படியிலயும் கடவுள்ங்கிற சொல்லோட "நாங்கள் புரிந்துகொண்டபடி"ங்கிற சொற்கள் சேர்ந்ததுக்கு இவர் மாதிரி ஆட்கள் போட்ட சண்டை ஒரு காரணம். "உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தணும்ங்கிற விருப்பம்"ங்கிற ஏ.ஏ. விதி பின்னாடி எழுதப்பட்டதுலயும் இவர் கதைக்கு இடம் உண்டு. பிற்காலத்துல கடவுள் விஷயத்துல இவர் கோபம் தணிஞ்சதுங்கிறதும் உண்மை, மறைக்க வேண்டியதில்ல. ஆனா குடியை விட்டப்போ அவர் நாத்திகர். அவரை வெளிய தள்ளியிருந்தா அவர் செத்திருப்பார், அவ்வளவுதான்.

1975ல் சிகாகோவுல நாத்திகர்களுக்குன்னே தனி ஏ.ஏ. கூட்டம் ஆரம்பமாச்சு. சண்டையும் தொடர்ந்தது. 2011ல் கனடாவோட டொரன்டோவுல கடவுள் சொல்லை எடுத்துட்டுப் படிகளைப் பயன்படுத்தின குழுக்களை ஊர் பட்டியல்ல இருந்தே நீக்கினாங்க. பல வருஷ இழுபறிக்கு அப்புறம் திரும்பச் சேர்த்தாங்க. அமெரிக்க நீதிமன்றங்கள்லயும் இது போயிருக்கு. கைதிகளையும் பரோல்ல வந்தவங்களையும் அரசு கட்டாயப்படுத்தி இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு அனுப்பக் கூடாது, அது மதத் திணிப்புன்னு 1996லயும் 2007லயும் தீர்ப்புகள் வந்திருக்கு. 2007 வழக்குல எதிர்த்தவர் ஒரு பௌத்தர். நாத்திகருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்ல இது.

சரி, பலன் இருக்கா? 2020ல் காக்ரேன் நிறுவனம் 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை, ஒண்ணா வெச்சுப் பாத்தது. முறையா 12 படி வழியில அழைச்சுட்டுப் போனவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சும் தொடர்ந்து குடிக்காம இருந்தவங்க சுமார் 42 சதவீதம். மத்த சிகிச்சைகள்ல சுமார் 35 சதவீதம். மாயமந்திரம் இல்ல. ஆனா காசு வாங்காத ஒரு கூட்டம், படிச்ச நிபுணர் பண்ற சிகிச்சைக்குக் குறையாம நிக்குதுன்னா அதைக் கவனிக்கணும்.

நாத்திகருக்கு? ப்ராஜெக்ட் மேட்ச்னு அமெரிக்காவுல நடந்த பெரிய ஆய்வோட தரவை வெச்சு 2002ல் ஒரு கட்டுரை வந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவங்க கூட்டத்துக்கு வர்றது குறைவு. வந்தவங்களுக்குக் கிடைச்ச பலனுக்கும் அவங்க கடவுளை நம்பினாங்களா இல்லையாங்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. திரும்பப் படிங்க. அவங்களைத் தோற்கடிக்கிறது நம்பிக்கையின்மை இல்ல. வாசல்லயே திரும்பிப் போறதுதான்.

"அப்போ எது வேலை செய்யுது டாக்டர்?" இதுக்கு அமெரிக்கா போக வேண்டாம், கார்த்திகை மாசம் உங்க தெருவைப் பாருங்க. வருஷம் முழுக்க குடிக்கிற ஆளு மாலை போட்டா 41 நாளோ ஒரு மண்டலமோ தொடாம இருக்கார். (நடுக்கம் வராத அளவுக்குக் குடிக்கிறவரைச் சொல்றேன். மத்தவங்க மாலை போடுறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க.) ஐயப்பன் அருள்னு நீங்க சொல்லலாம், நான் சண்டைக்கு வரல. ஆனா ஒரு டாக்டரா எனக்குத் தெரியிறது இது. அதிகாலை குளியல். நாள் முழுக்க ஒரு ஒழுங்கு. சாயங்காலம் பஜனை, அதாவது கடை திறந்திருக்கிற நேரத்துல போக வேற ஒரு இடம். கூட பத்து பேர் அதே விரதத்துல. வழிநடத்த ஒரு குருசாமி. நேத்து வரைக்கும் "குடிகாரப் பய"ன்னு கூப்பிட்ட தெரு இன்னைக்கு "சாமி"ன்னு கூப்பிடுது. போட்டிருக்கிற வேட்டியைப் பாத்தாலே ஊத்திக் குடுக்க எவனுக்கும் தைரியம் வராது.

மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டின அன்னைக்கு என்ன ஆகுது? நம்பிக்கை அப்படியேதான் இருக்கு, சாமி படம் சுவத்துல அப்படியேதான் இருக்கு. பஜனை இல்ல, குருசாமி இல்ல, அந்தப் பத்து பேர் இல்ல. அன்னைக்கு ராத்திரியே குவார்ட்டர். போனது என்ன, இருந்தது என்னன்னு யோசிங்க. ஏ.ஏ.ங்கிறது கழட்டாத மாலை. குருசாமிக்குப் பதிலா ஸ்பான்சர், பஜனைக்குப் பதிலா கூட்டம், மண்டலத்துக்குப் பதிலா "இன்னைக்கு ஒரு நாள்".

இப்போ ரெண்டு தரப்பையும் திட்டிக்கிறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல சில தனியார் மறுவாழ்வு மையங்கள். பெயர் சொல்லல. எங்க வார்டுல வலிப்போட வந்த ஒருத்தர், ஐம்பது வயசு, அப்பா காலத்துல இருந்து கருப்புச் சட்டைக் குடும்பம். உடம்பு தேறினதும் ஒரு மையத்துல சேர்ந்தார். காலைப் பிரார்த்தனையில எழுந்து நிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு, "இவருக்குக் குணமாகணும்ங்கிற மனசு இல்ல"ன்னு எழுதி ஒன்பதாவது நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை அவரை நாங்க பாத்தப்போ வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளா இருந்தது. ஒன்பது நாள் குடிக்காம இருந்த மனுஷனுக்கு மனசு இல்லையாம்! மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 படி குடி, போதை சார்ந்த மனநிலைப் பாதிப்புகளும் அதுக்குள்ள வரும். அந்தச் சட்டத்தோட 18வது பிரிவு, மதம், சாதி, சமூக-அரசியல் நம்பிக்கை எதை வெச்சும் சிகிச்சையில பாகுபாடு காட்டக் கூடாதுன்னு சொல்லுது. பிரார்த்தனை வைங்க, வேணாம்னு சொல்லல. வராதவருக்கு அந்த அரை மணி நேரம் டீ குடுங்க. அதுக்காக வெளிய அனுப்ப உங்களுக்கு எந்த உரிமையும் இல்ல. கட்டிப்போடுறதைப் பத்தி நான் பேசவே இல்ல. 2001ல் ஏர்வாடியில சங்கிலியில கிடந்த 28 பேர் தீயில செத்த மாநிலம் இது.

அடுத்து என் பகுத்தறிவு நண்பர்கள். "ஏ.ஏ. ஒரு மதமாற்றக் கும்பல்", "நான் சக்தியற்றவன்னு சொல்றது சுயமரியாதைக்கு இழுக்கு"ன்னு பக்கம் பக்கமா எழுதிட்டு சாயங்காலம் பார்ல உக்காந்து தோழர்களோட விவாதிக்கிறீங்க. கள்ளுக்கடை மறியல் காலத்துல தன் தோப்புத் தென்னை மரங்களையே வெட்டினவர் பெரியார். ஈரோட்டுல அந்த மறியலுக்கு முன்னாடி நின்னவங்க நாகம்மையாரும் கண்ணம்மாளும். குடியை விடுறது கோயிலுக்கு மட்டும் சொந்தம்னு யார் உங்களுக்குச் சொன்னது?

"சக்தியற்றவன்"ங்கிற சொல் உறுத்தினா வேற மாதிரி சொல்றேன். முதல் கட்டிங் உள்ள போனதுக்கு அப்புறம் உங்களுக்கு பிரேக் பிடிக்கல. எத்தனை தடவை "இன்னைக்கு ஒண்ணோட நிறுத்திக்கிறேன்"னு சொல்லி நிறுத்தியிருக்கீங்க? இது உங்க சொந்த ஆய்வுக்கூடத்துல நூறு தடவை பண்ணின பரிசோதனை. முடிவை ஒத்துக்கிறதுதான் முதல் படி. அதுல கடவுள் எங்க வர்றார்?

"நம்மை விடப் பெரிய சக்தி"? மத்தியானம் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கிறதுக்கு முன்னாடி கை தானா சட்டைப்பையைத் தடவும்போது, போன் போட்டா எடுக்கிற ஒரு ஆள். பதினாலு வருஷமா தொடாதவர், எதிர்ல உக்காந்து டீ குடிக்கிறார். அந்த அறையில இருக்கிற இருபது பேர் சேர்ந்தா உங்க தனி மனசை விடப் பெருசா இல்லையா? அவ்வளவு போதும். நாலாவது படி, ஒழுங்கா ஒரு நோட்டுல கணக்கு எழுதுறது: யார்கிட்ட என்ன பொய் சொன்னேன், யாருக்கு எவ்வளவு தரணும். அஞ்சாவது, அதை இன்னொரு மனுஷர்கிட்ட வாய்விட்டுச் சொல்றது. எட்டும் ஒன்பதும் அடகு வெச்ச தாலியை மீட்கிறது, பிள்ளையோட ஃபீஸ் கட்டுறது, அடிச்ச கையை வெச்சுக்கிட்டு மன்னிப்பு கேட்கிறது. மன்னிப்பு கேட்கிறதே எதிராளிக்குத் தீங்கா முடியும்னா கேட்காதேன்னு அந்தப் படியிலயே இருக்கு. இதுக்கு எந்தச் சாமி சாட்சி வேணும்? பிரார்த்தனை சொல்லும்போது வாயை மூடிட்டு நில்லுங்க. கல்யாண வீட்டுல ஐயர் மந்திரம் சொல்லும்போது நின்னதே இல்லையா? ஒரு குழு ஒத்துவரலைன்னா வேற குழு. நீங்க நாத்திகர்னு முதல் நாளே சொல்லிடுங்க. "நடிச்சுட்டே இரு, நம்பிக்கை தானா வரும்"னு யாராவது அட்வைஸ் பண்ணா மறுத்துடுங்க. பொய் சொல்லாம இருக்கப் பழகுறதுக்குத்தானே அங்க போறீங்க?

சுத்தமா ஒத்துவரலையா? பரவாயில்ல. 1994ல் தொடங்கின ஸ்மார்ட் ரிகவரி மாதிரி கடவுள் பேச்சே இல்லாத வழிகள் உண்டு, இணையத்துலயும் கூட்டங்கள் நடக்குது. ஆனா நான் பாத்த வரைக்கும் எல்லாம் ஆங்கிலம் தெரிஞ்சவங்களுக்கு. நம்ம ஊர்ப் பெயிண்டருக்கும் லோடுமேனுக்கும் பக்கத்துல தமிழ்ல கிடைக்கிறது பெரும்பாலும் ஏ.ஏ. மட்டும்தான். அதனாலதான் அந்தக் கதவை அவருக்கு மூடாதீங்கன்னு இவ்வளவு நீளமா கத்துறேன். 2019ல் வெளியான மத்திய அரசோட ஆய்வுப்படி, இந்தியாவுல குடிக்கு அடிமையான 38 பேர்ல ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுறார். மீதி 37 பேர் வெளிய நிக்கும்போது நாம உள்ள வர்றவர்கிட்ட சாமி கும்பிடுவியான்னு கேட்டுட்டு இருக்கோம்.

மருந்தும் உண்டு, மறந்துடாதீங்க. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், ஈரல் கெட்டவங்களுக்கு பாக்லோஃபென். எது யாருக்குன்னு மனநல டாக்டர் முடிவு பண்ணுவார். "மாத்திரை போட்டா அது உண்மையான விடுதலை இல்ல"ன்னு கூட்டத்துல யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, அது ஏ.ஏ.வோட கொள்கையும் இல்ல. வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு: டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலக்காதீங்க. அது உள்ள இருக்கும்போது குடிச்சா பிரஷர் விழுந்து உயிரே போகலாம்.

எங்க போறதுன்னு கேட்கிறவங்களுக்கு: மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநல ஓபி இருக்கு, காசு இல்ல. ராத்திரி கைநடுக்கமோ வலிப்போ வந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, 108. பேச ஆள் வேணும்னா டெலி மானஸ் 14416, தமிழ்ல பேசலாம். ஓபி சீட்டுல மதம்னு ஒரு கட்டம் இருந்தா காலியா விடுங்க. கடைசியா எப்போ, எவ்வளவு குடிச்சீங்கங்கிறதை மட்டும் உண்மையா சொல்லுங்க.