இயர்போனுக்குக் குண்டூசி வைத்தியம்!

இயர்போனில் பாட்டு எடுப்பாகக் கேட்கவில்லை. பையன் என்ன செய்கிறான்? குண்டூசியை எடுக்கிறான். கூட்டில் உள்ள ஓட்டையைப் பெரிதாக்குகிறான். இருந்த பாட்டும் போய்விட்டது!

வில்லியனூர் ஆனாலும் சரி, பாகூர் ஆனாலும் சரி, பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இயர்போன்தான் வழித்துணை. ஒலி நன்றாக இருக்கவேண்டும் என்று விரும்புவது தப்பு அல்ல. வீட்டிலேயே திருத்திக்கொள்வதும் தப்பு அல்ல. எதைத் திருத்துவது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிய வேலையா? இல்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோவில் திருவிழாவில் நாதசுரம் கேட்டு இருப்பீர்கள். அதன் கீழ்ப்பகுதியில் விரல் படாத ஓட்டைகள் உண்டு. மெழுகு வைத்து அவற்றை அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். மிருதங்கக்காரர் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புகிறார். "கும்" என்ற நாதம் வருகிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார். அமெரிக்காவில் நத்தானியல் பால்டுவின் என்பவர், தன் வீட்டுச் சமையல் அறையிலேயே காதில் மாட்டும் ஒலிக்கருவி செய்தார். 1910-ம் ஆண்டில் அதை அமெரிக்கக் கடற்படையே வாங்கியது!

உள்ளே என்ன இருக்கிறது?

சிறு காந்தம், கம்பிச் சுருள், மெல்லிய சவ்வு. மின்சாரம் பாய்ந்தால் சுருள் அசைகிறது. சவ்வு துடிக்கிறது. காற்று அதிர்கிறது. அதுதான் பாட்டு! கூட்டில் தெரியும் ஊசிமுனை ஓட்டை, காற்று போய்வரும் வழி. அதன் அளவு மாறினால் ஒலியும் மாறிவிடும். அதன்மேல் காகித டேப் ஒட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். மிருதங்க ரவை மாதிரி! குண்டூசி குத்தியதை என்ன செய்வது?

"கும்" என்ற ஒலி வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டை அல்ல, ரப்பர். காதில் செருகும் ரப்பர் தொளதொளவென்று இருந்தால், கனத்த ஒலி இடுக்கு வழியாக ஓடிவிடும். வாங்கும்போதே சிறிதும் பெரிதுமாக வேறு ரப்பர்கள் பெட்டியில் கிடக்கும். யார் பார்க்கிறார்கள்? பெட்டியோடு குப்பைக்குப் போகிறது! வலது காதுக்குப் பெரியது, இடது காதுக்குச் சிறியது என்று போட்டாலும் யாரும் சிரிக்கப்போவது இல்லை.

ஒரு பக்கம் மட்டும் மந்தமாகக் கேட்கிறதா? வலையில் குறும்பி அடைத்து இருக்கும். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். தண்ணீர் வேண்டாம். எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

ரப்பர் பொருந்தினால் பஸ் இரைச்சல் குறையும். சத்தத்தைக் கூட்டவேண்டியது இல்லை. பெற்றோர் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 90 டெசிபல் என்றால்? 4 மணி நேரம்தான்! உள்காதில் நுண்ணிய மயிர் போன்ற செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தால் அவை செத்தால் மறுபடி முளைப்பது இல்லை. அதற்கு எந்தப் பெட்டியில் மாற்று ரப்பர் கிடைக்கும்?

இன்னொன்று. ரப்பர் நன்றாகப் பொருந்திவிட்டால் லாரி ஹார்னும் சரியாகக் கேட்காது. வில்லியனூரில் ரெயில் பாதையைக் கடக்கும்போதும், பாகூர் ரோட்டில் சைக்கிள் மிதிக்கும்போதும் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவேண்டும்.