நடுக்கடலில் நிற்கும் மஞ்சள் மிதவை யாருடைய சொத்து?

சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘சாகர் நிதி’ ஆய்வுக் கப்பல், வங்கக் கடலில் மஞ்சள் நிற மிதவைகளை நிறுத்தும் வேலையையும் செய்கிறது. பார்க்க சாதாரண மிதவை மாதிரிதான் இருக்கும். ஆனால், புயல் எவ்வளவு வலுப்பெறும் என்று கணிக்க அது அனுப்பும் தகவல் தேவை.

எப்படி? புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். மேற்பரப்பின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும். அந்த வெப்பம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அதனால் நேரடியாகப் பார்க்க முடியாது. சூடான நீர் மேலாக மட்டும் இருந்தால், புயல் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து அதன் வேகத்தைத் தணிக்கும். ஆழமாக இருந்தால் புயலுக்குக் கொண்டாட்டம்தான். மிதவைக்குக் கீழே 500 மீட்டர் வரை தொங்கும் சென்சார்கள் நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கின்றன. அந்த அளவுகள் செயற்கைக்கோள் வழியே கரைக்கு வருகின்றன.

மிதவையை நிறுத்துவது லேசான வேலை இல்லை. கடலின் ஆழத்தை அளந்து, அதற்கேற்ற நீளத்தில் கயிறு கட்டி, கனமான நங்கூர எடையை இறக்க வேண்டும். பாசியும் கொட்டலசும் படிவதால் கப்பல் மறுபடியும் போய் சென்சார்களை மாற்றியாக வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மிதவைக்கு அடியில் மீன்கள் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரத்தானே செய்யும்? வலை சிக்குகிறது, கயிறு அறுகிறது. சில நேரம் கருவிகளே காணாமல் போகின்றன. புயல் காலத்தில் ஒரு மிதவை மௌனமானால், அந்த இடத்தின் ஆழம் நமக்கு இருட்டுதான்.

இதற்கு மீனவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, குமரி மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தனக்கு வந்து சேராத தகவலுக்காக ஒருவர் ஏன் மீனை விட்டு விலகிப் போக வேண்டும்?

எனவே, ‘மிதவையைத் தொடாதே’ என்ற அறிவிப்பு மட்டும் போதாது. எந்த மிதவை எங்கே நிற்கிறது, இன்று அது என்ன சொன்னது என்பதை மீன்பிடித் துறைமுகங்களில் தமிழில் எழுதி வைக்கலாம். கரையிலிருந்து வெகுதூரம் போகும் படகுகளுக்கும் எச்சரிக்கை போய்ச் சேர வழி செய்ய வேண்டும். தன் உயிரைக் காக்கும் பொருள் என்று தெரிந்தால், கடலில் அதற்கு மீனவரைவிட நல்ல காவலர் கிடைக்க மாட்டார்.