அன்றிலும் வெளிமானும்



விவாக ஆராதனைகளில் மணமக்களை அன்றில்களைப்போல, ஜோடிப் புறாக்களைப்போல வாழும்படி வாழ்த்துகிறோம். இணை மாண்டால் தானும் உயிர்விடும் பறவை என்று பழந்தமிழ்ப் புலவர்கள் அன்றிலைப் பாடினார்கள்; கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் இந்த உவமையை நம் பிரசங்கங்களிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்கிறேன்.

பறவையினங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, ஜோடியாகவே கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கின்றன. மெய்தான். ஆனால் 1980களின் பிற்பகுதி முதல் மரபணுச் சோதனை செய்த ஆய்வாளர்கள், அப்படிப்பட்ட பல கூடுகளில் வேறொரு ஆணின் குஞ்சுகளையும் கண்டார்கள். பறவையின்மேல் குற்றமில்லை, அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே!

இதைவிடக் கேடானது மறுபக்கத்து வாதம். கைவிடப்பட்ட மனைவியிடம், "ஆண்களின் சுபாவம் அப்படித்தான், பொறுத்துக்கொள் மகளே" என்று சபையின் மூப்பர்களே சொல்லும் ஆலோசனை. எந்த மிருகத்தின் சுபாவம்? நம் ஈக்காட்டுத்தாங்கலுக்குச் சற்றுத் தொலைவில், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு இருக்கிறது. மூன்று சதுர கிலோமீட்டர்கூட நிறையாது. அங்கே ஆண் வெளிமான் தன் எல்லையைக் காத்து நின்று, வருகிற பெண்மான்களோடு கூடுகிறது, குட்டியைப் பேணுவதில்லை. அதே காட்டு நரியோ ஜோடியாக வாழும் இனம். ஆணும் பெண்ணும் சேர்ந்து குட்டிகளுக்கு இரை தேடுகின்றன. ஒரே வேலிக்குள் இரண்டு சுபாவங்கள். தவறுகிறவன் மட்டும் வெளிமானையே சாட்சிக்கு அழைப்பது ஏன்?

வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒருவகைச் சிற்றெலி, ஆக்சிடோசின், வாசோபிரசின் என்னும் சுரப்புகளின் செயலால் தன் இணையோடு ஒட்டிக்கொள்கிறது. அச்சுரப்புகள் நமக்கும் உண்டு. தேவன் தந்த உதவி என்றே கொள்வேன். ஆனால் பலிபீடத்தின் முன் வாக்குறுதி கேட்கும்போது, அவற்றை நம்பி நான் கேட்பதில்லை.

மல்கியா தீர்க்கதரிசி, மனைவிக்குத் துரோகம்பண்ணினவர்களைக் கண்டிக்கையில் (2ஆம் அதிகாரம்) ஒரு பறவையையும் காட்டவில்லை. கர்த்தரே அந்த உடன்படிக்கைக்குச் சாட்சி என்கிறார். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டமும் போதகரைத் தவிர இரண்டு சாட்சிகளையாவது கேட்கிறது. நம்மவர்கள் பதிவேட்டில் கையொப்பமிட்டவுடன் பிரியாணிப் பந்திக்கு எழுந்துபோகிறார்கள். இனி அப்படியொரு சகோதரியின் வீட்டுக்கு மூப்பர்கள் ஆலோசனையோடு புறப்படுமுன், அந்த இரண்டு சாட்சிகளும் அவள் கணவனைத் தேடிப் போகட்டும். அவர்களுடைய பெயர்கள் நம் பதிவேட்டில் இருக்கின்றன.