கழனியிலே களிறு! கணக்கு யார் பேரில்?

கேழ்வரகு முற்றி நிற்கிறது. வாழை தார் தள்ளியிருக்கிறது. கரும்பு வெட்டுக்குக் காத்திருக்கிறது. மாதக்கணக்கில் சிந்திய வியர்வை மறுவாரம் பணமாகும் என்று உழவன் நம்பியிருக்கும் வேளை பார்த்து, நள்ளிரவிலே மரம் முறியும் ஓசை கேட்கிறது. தகரத்தைத் தட்டுகிறான், பந்தம் கொளுத்துகிறான், பட்டாசு வெடிக்கிறான். பொழுது விடிகிறது. பயிர் போய்விட்டது, கடன் மட்டும் பத்திரமாக இருக்கிறது!

மறுநாள் ஏடுகளில் நாலு வரிச் செய்தி: "யானை புகுந்தது, பயிர் நாசம்." ஆள் மாண்டால் ஆறு வரி. அதற்குமேல் யாருக்கும் நேரமில்லை. நமக்கு நேரம் இருந்தாக வேண்டும், தோழர்களே! மாடு ஓட்டிச் சென்ற முதியவர், விறகு பொறுக்கச் சென்ற தாய், கடைசிப் பேருந்தில் இறங்கி இருட்டிலே லைன் வீட்டுக்கு நடந்த தோட்டத் தொழிலாளி - மாண்டவர் பட்டியலில் இருப்பவர்கள் இவர்கள்தாம். மலைமேல் விடுதி கட்டி மாளிகையில் வாழ்பவர் இருட்டில் நடப்பானேன்? அவருக்குக் கார் உண்டு, காவலாள் உண்டு.

இது ஏதோ ஓர் ஊரின் தனித்துயரம் என்று எண்ணிவிட வேண்டாம். வரலாற்றறிஞர் மகேஷ் ரங்கராசன் தலைமையில் அமைந்த யானைப் பணிக்குழு, 2010-இல் ஒன்றிய அரசிடம் அறிக்கை தந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 400 மனித உயிர்கள் யானையால் போகின்றன. மனிதரின் பதிலடியில் 100 யானைகள்வரை மடிகின்றன. 8 முதல் 10 இலட்சம் ஹெக்டேர் பயிர் சேதமாகிறது. 5 இலட்சம் குடும்பங்களாவது பாதிக்கப்படுகின்றன என்றது அந்த அறிக்கை. அதே 2010-இல்தான் யானையைத் தேசிய மரபு விலங்கு என்றும் அறிவித்தார்கள். பட்டம் யானைக்கு, பட்டினி உழவனுக்கு!

இரண்டு கூட்டத்தார் இதிலே பேச வருகிறார்கள். ஒருவர், "ஐயோ, வாயில்லாச் சீவன்! காடு யானைக்கே சொந்தம், மனிதரை அப்புறப்படுத்துங்கள்" என்கிறார். அவர் இருப்பது நகரத்து மாடியிலே. இன்னொருவர், "சுட்டுத் தள்ளு, தொல்லை தீரும்" என்கிறார். அவருக்குத் தீர்ப்பு எழுத ஒரு தோட்டா போதும். இருவரும் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: யானை ஏன் வருகிறது?

அறிவியலார் கேட்டார்கள், விடையும் கண்டார்கள். பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் பகுதிகளில் 1980-களில் ஆய்வு செய்த அறிஞர் இராமன் சுகுமார், ஓர் ஆண் யானை ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் பயிருக்குள் புகுகிறது என்றும், குடும்பமாகத் திரியும் பெண் யானைகள் 8 இரவுகளே புகுகின்றன என்றும் கணக்கெடுத்தார். காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகிலும் நெல்லிலும் ஊட்டம் அதிகம். நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி தேடும் உடம்பு அது. குறைந்த நேரத்தில் நிறைந்த உணவு எங்கே என்று அதுவும் கணக்குப் போடுகிறது!

காட்டிலே அதற்கு மிஞ்சியது என்ன? புல் வளர வேண்டிய தரையை உண்ணிச்செடி மூடிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக நடந்த வலசைப் பாதையிலே விடுதியும் வேலியும் முளைத்தன. நீலகிரி சீகூர் வலசைப் பாதைக்காக 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதிக்காரர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது ஆண்டு 2020! யானை நடந்துபோகும் உரிமைக்கு நீதிமன்றப் படிக்கட்டிலே ஒன்பது ஆண்டுகள். பாதை அடைபட்ட யானை எந்தப் பக்கம் திரும்பும்? வேலியற்ற ஏழையின் பக்கம்தான்!

வால்பாறையைப் பாருங்கள். 1890-களில் தொடங்கிக் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். சமவெளியிலிருந்து ஏழைகளைக் கொண்டுபோய் அட்டைக் கடியிலும் மழையிலும் நிறுத்தினார்கள். இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். சுற்றிலும் அடர்ந்த காடு. நடுவே தொழிலாளரின் லைன் வீடுகள். தேயிலையை யானை தின்பதில்லை. ஆயினும் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போக அந்த வழியன்றி வேறு வழியில்லை. போகிற வழியில் ரேஷன் கடையின் அரிசியும், சத்துணவுக் கூடத்தின் பருப்பும் உப்பும் மணக்கின்றன, கதவு உடைகிறது.

அங்கே மாண்டவர்கள் எப்படி மாண்டார்கள் என்று நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது வெளிவந்த உண்மை நெஞ்சைச் சுடுகிறது. பெரும்பாலோர் யானையைச் சீண்டியவர்களும் அல்லர், விரட்டியவர்களும் அல்லர். பக்கத்திலே யானை நிற்கிறது என்பதே தெரியாமல் நடந்து போனவர்கள்! ஒரு சொல், ஒரே ஒரு எச்சரிக்கைச் சொல், நேரத்தில் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி கண்டார்கள். யானைக் கூட்டம் நிற்கும் இடத்தை மாலையிலேயே உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிட்டார்கள். 2011 முதல் கைப்பேசிக்குத் தமிழிலே குறுஞ்செய்தி அனுப்பினார்கள். கண்ணில் படும் மேடுகளில் சிவப்பு விளக்கு நிறுத்தி, கைப்பேசி அழைப்பிலேயே எரியவிட்டார்கள். விளக்கை எரியவிடும் பொறுப்பு அந்தந்த ஊர் மக்களிடமே இருந்தது. உயிரிழப்பு அறவே ஒழியவில்லை. ஆனால் வெகுவாகக் குறைந்தது. இப்பணிக்குத் தலைமை தாங்கிய ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. பீரங்கியும் இல்லை, கோடி கோடியாய்ப் பணமும் இல்லை. தொழிலாளியின் கையிலே தகவல் இருந்தது, அவ்வளவுதான்!

இதைவிட்டுப் பிடித்து அடைப்பதும் பெயர்த்து விடுவதும் என்ன பயன் தந்தன? 2019 சனவரியில் தடாகம் பகுதியில் 'சின்னத்தம்பி'யைப் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். சில நாட்களில் அது உடுமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் நின்றது. மீண்டும் பிடித்துக் கும்கியாக்கினார்கள். 2023 ஏப்ரலில் கேரளத்துச் சின்னக்கானலில் 'அரிக்கொம்பன்' பிடிபட்டது. பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் நகரத் தெருவிலே நடந்தது! ஓர் ஊரின் தொல்லையை இன்னோர் ஊரின் தலையில் இறக்கி வைப்பதற்குத் தீர்வு என்றா பெயர்?

உழவர் தோழர்களுக்கும் ஒரு சொல் உண்டு. கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கம்பத்து மின்சாரத்தை நேராக வேலியில் பாய்ச்சுவது பாதுகாப்பு அன்று, கொலைப் பொறி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. உழவர் சிறைக்குப் போனார். அந்தக் கம்பிக்கு யானை என்றும் அறியாது, மனிதர் என்றும் அறியாது. வரப்பில் வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அது விடாது. அவுட்டுக்காயும் அப்படியே. முறைப்படி அமைத்த சூரிய மின்வேலி அதிர்ச்சி தரும், உயிரை எடுக்காது. அதை ஊர் கூடி அமைத்து, ஊர் கூடிப் பராமரித்தால் நிற்கும். தனியொருவர் போட்டு, புல் மண்டிப் படுத்த வேலி ஒரு பருவம்கூடத் தாங்காது.

ஆனால் உழவனுக்குப் புத்தி சொல்லும் உரிமை, உழவனின் இழப்பை ஈடுகட்டுகிறவர்க்கே உண்டு! உயிரிழப்புக்கான உதவித்தொகையை ஒன்றிய அரசு 2023-இல் 5 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. நல்லது. பயிருக்கு? வன விலங்கால் நேரும் சேதமும் பயிர்க் காப்பீட்டில் சேரும் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள்; 72 மணி நேரத்துக்குள் செயலியிலே படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்றார்கள். இரவெல்லாம் பரண்மேல் விழித்தவன், காலையில் கைப்பேசியில் கோபுரச் சைகை தேடி மலையேற வேண்டுமா? பட்டா இல்லாத குத்தகை உழவனும் பழங்குடி உழவனும் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்?

தமிழனுக்கு யானை புதியதன்று. தினைப்புனத்தில் பரண் கட்டிக் காத்த மரபு நம் மரபு. முறையறியாது வரி பறிக்கும் அரசனை, வயலில் புகுந்து தின்றதைவிட மிதித்ததே மிகுதி என்னும்படி கெடுக்கும் யானைக்கு ஒப்பிட்டு, பாண்டியன் அறிவுடை நம்பிக்கே அறிவுரை சொன்னார் புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார். இன்றைய நிலை என்ன? முறையறியாத திட்டங்கள் காட்டில் புகுந்தன. அதனால் யானை வயலில் புகுந்தது!

எனவே கேட்கிறோம். மதுக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் மாண்ட பிறகு, 2024-இல் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வந்தன. யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கை பறக்கிறது. வரவேற்கிறோம். ரயிலை எச்சரிக்க முடிந்த அரசால், நடந்துவரும் தொழிலாளியை எச்சரிக்க முடியாதா? யானை வரும் ஒவ்வொரு ஊரிலும் விளக்கும் தகவலும் வரட்டும். எஸ்டேட் பாதையிலே மாலைப் பேருந்து வீட்டு வாசல்வரை ஓடட்டும். ரேஷன் பொருள் வண்டியேறி வீடு தேடி வரட்டும். இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்பே கைக்கு வரட்டும். வலசைப் பாதையை மறித்தவர் எத்துணைப் பெரியவராயினும் வேலி அகலட்டும்.

தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. பயிர் அழிந்த வீட்டுக்கு அன்று காலையே செல்லுங்கள். படம் எடுத்துக் கொடுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் உடன் செல்லுங்கள். யானை நிற்கும் இடத்தில் கூட்டம் கூடிக் கூச்சலிட்டுப் படம் பிடிக்கும் இளைஞரைத் தடுத்து நிறுத்துங்கள். இரவுக் காவலுக்கு முறை வையுங்கள்.

2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகக் காடுகளில் 3,063 யானைகள். அவை நம்மோடுதான் வாழப் போகின்றன. வாழட்டும்! ஆனால் காட்டைக் காத்த பெருமை நாட்டுக்கு, அதற்கான கட்டணம் மட்டும் காட்டோரத்து ஏழைக்கு என்ற கணக்கு இனியும் செல்லாது. கணக்கை நாடே ஏற்கட்டும். கதிரை உழவன் அறுக்கட்டும்!