தேடுபொறியும் நீதியின் வாயிலும்

இணையத் தேடுபொறி வந்தபின் சட்டம் ஏழையின் கைக்கெட்டிவிட்டது என்று கூறுவோர் நம்மிடையே உளர். சட்டத்தரணியின் வாயிலிற் காத்து நின்ற காலம் போயிற்று, வினாவைப் பொறியிடம் கேட்டாற் போதும் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய இவ்வாதம் உண்மைக்கு மாறானது என்பதே எமது கருத்து.

வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ, பொலிஸ் நிலையத்தில் மகன் தாக்கப்பட்ட ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் எங்கே முறையிடுவது என அவள் தனக்குத் தெரிந்த தமிழிலே தேடுகிறாள். தமிழில் மிகுதியாக எழுதப்பட்டிருப்பது இந்தியச் சட்டம். ஆகவே அவள் முன் வந்து நிற்பதும் பெரும்பாலும் அதுவே. உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று அதில் வாசிக்கிறாள். தமிழ்நாட்டு வழக்கில் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தின் நீதிமன்றம். அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் உண்டு. இலங்கையிலோ உயர் நீதிமன்றமே நாட்டின் அதியுயர் நீதிமன்றம். மாகாணத்தில் உள்ளது மேல் நீதிமன்றம். சொல் ஒன்று, நீதிமன்றம் வேறு. இவ்வேறுபாட்டைப் பொறி அவளுக்குச் சொல்வதில்லை.

இதனினும் பெருங்கேடு கால எல்லை பற்றியது. இந்திய அரசியலமைப்பின் 32 ஆம் உறுப்புரை நாட்கணக்கு எதனையும் விதிக்கவில்லை. 1978 ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையோ, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்கிறது. அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது என 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சலுகை தருகிறது. இவ்விரு செய்திகளும் கண்ணிற் படாதவிடத்து, நூறு பக்கங்களை வாசித்தும் அத்தாய் தன் உரிமையை இழப்பாள்.

இதனைத் தற்செயலான பிழை எனக் கொள்ளலாகாது. ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணை சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கும் முறையின்மீதே கூகுள் எழுந்தது. பலர் நாடுவது முன்னே வரும். சிலருக்கு இன்றியமையாதது பின்னே தள்ளப்படும். விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என அதன் தாபகர்களான சேர்கே பிரினும் லாரி பேஜுமே 1998 இல் தம் ஆய்வுக் கட்டுரையில் எழுதினர். பின்னர் அவர்தம் நிறுவனம் அவ்விளம்பரத்தாலேயே செழித்தது. பணமற்றவனுக்காக வழக்காடும் அமைப்பு அச்சந்தையில் எவ்வாறு போட்டியிடும்?

ஆயினும் பொறியை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. வசதியற்றோருக்குச் சட்ட உதவி வழங்கவென 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இங்கு உண்டு. அதன் கதவு எங்குள்ளது என்பதை அறியாதோர் பலர். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றை எளிய தமிழில் விளக்கும் எழுத்து மிக அரிது. எழுதப்படாததை எப்பொறியும் தேடித் தரமாட்டாது. சட்டங் கற்ற நாம் எம் கல்வியைப் பரீட்சை மண்டபத்தோடு முடித்துக்கொண்டு, பாமர மக்களின் அறியாமைக்கு இரங்குவதிற் பயன் என்ன?

எந்த நாட்டின் சட்டம், எந்த நீதிமன்றம், எத்தனை நாள் என்பன முதல் வரியிலேயே விளங்கும் சட்ட விளக்கங்களைத் தமிழில் எழுதி, எவரும் இலவசமாகப் பெறத்தக்கதாக வெளியிடுவது ஆணைக்குழுவினதும் பல்கலைக்கழகங்களினதும் கடன். அக்கடனை நாம் தீர்க்காத ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவரின் வழக்கு காலங் கடந்து போகிறது.