மோசேக்கு மங்கலை, எங்க ஆச்சிக்கு ஏன் மங்குது?

கொஞ்சம் கோவமா எழுதுற பதிவு இது. ஊழியக்காரங்களைப் பத்திப் பேசினாலே பாவம்னு நினைக்கிற அன்பர்கள் இதோட நிறுத்திக்கலாம். மத்தவங்க வாங்க.

எங்க ஆச்சிக்கு 84 வயசு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. நாப்பது வருசத்துக்கு மேல சண்டே ஸ்கூல் நடத்தினவங்க. நான் எழுத்துக்கூட்டிப் படிச்ச முதல் புத்தகம் அவங்களோட வேதாகமம்தான். ரெண்டு வருசமா ஆச்சிக்கு ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை இல்லை. விழித்திரைத் தேய்மானம், இனி கண்ணாடி மாத்திப் பிரயோசனமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக் கொடுத்தோம். ஆறு மாசம் ஓடுச்சு. இப்ப அதுவும் அலமாரியில.

கிறிஸ்மஸ் லீவுக்குப் போயிருந்தப்போ ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்தார். வெளியூர்க்காரர். நல்லாத்தான் ஆரம்பிச்சார். அப்புறம் உபாகமம் 34:7-ஐ எடுத்தார். மோசேக்கு 120 வயசுலயும் கண்ணு மங்கலை, பெலன் குறையலை. அடுத்து காலேப். 85 வயசுலயும் 40 வயசுல இருந்த அதே பெலன். "அதே தேவன்தானேம்மா நமக்கும்? அப்ப தடை எங்க இருக்கு? அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க." சொல்லிட்டு காப்பி குடிச்சுட்டுப் போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி ஆச்சி தூங்கலை. பன்னெண்டு மணி இருக்கும், என்னைக் கூப்பிட்டாங்க. "ஏல, ஒரு பிள்ளைய சிலேட்டு உடைச்சதுக்கு அடிச்சிருக்கேன். சின்னப் பிள்ள. கையெல்லாம் வீங்கிப் போச்சு. அதா இருக்குமோ?"

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கலை.

சரி, அவரோட ஆயுதத்தையே எடுப்போம். வேதம் முழுசையும் நம்புறவர்தானே? மோசேயோட கண்ணு மங்கலைன்னு எழுதின அதே வேதத்துல யார் யார் கண்ணு மங்குச்சு? ஈசாக்கு (ஆதியாகமம் 27:1). யாக்கோபு (48:10). ஏலி, 98 வயசுல (1 சாமுவேல் 4:15). தீர்க்கதரிசி அகியா (1 ராஜாக்கள் 14:4). ஏலியை வேணும்னா விட்டுருங்க, அவர் பிள்ளைங்களைக் கண்டிக்காம விட்டவர். அகியா? கண்ணு தெரியாத நிலைமையிலயும் வாசல்ல வேஷம் போட்டு வந்தது ராஜாவோட பெண்சாதின்னு தேவன் அவருக்குச் சொல்லிட்டார். கண்ணைச் சரியாக்கி அனுப்பலை.

இன்னொண்ணு. நம்ம ஆளுங்க விசுவாச அதிகாரம்னு தலைமேல வைக்கிற எபிரெயர் 11-ல ஈசாக்கையும் யாக்கோபையும் எதுக்காகப் பாராட்டியிருக்கு? பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆசீர்வதிச்சதுக்காக. அதை அவங்க எப்போ செஞ்சாங்க? ரெண்டு பேரும் கண்ணு தெரியாம உக்காந்திருந்தப்போ! யாக்கோபு கையைக் குறுக்க மாத்தி வைக்கிறார், நல்லா கண்ணு தெரியுற யோசேப்பு 'அப்பா தப்பா வைக்கிறீங்க'ன்னு திருத்தப் பாக்குறார். தப்பு யோசேப்பு மேலதான். மங்கின கண்ணோட செஞ்ச காரியத்தையே விசுவாசத்துக்கு உதாரணமா வேதம் காட்டுது. இவர் என்னடான்னா மங்கின கண்ணையே அவிசுவாசத்துக்கு அத்தாட்சியாக்குறார்.

எலிசா வியாதிப்பட்டு அந்த வியாதியிலயே செத்தவர். அவரோட எலும்பு பட்டு ஒரு பிணம் உயிரோட எழுந்துச்சு. இதுல எங்க 'தடை'?

நான் மென்பொருள் வேலையில இருக்கிறவன். ஆயிரம் வரி லாக் ஃபைல்ல நமக்குச் சாதகமான ஒரே வரியைப் பொறுக்கி எடுத்து 'சார், எல்லாம் சரியாத்தான் ஓடுது'ன்னு மேனேஜர்கிட்ட காட்டினா அதுக்குப் பேரு பித்தலாட்டம். சபையில மட்டும் அதுக்குப் பேரு வெளிப்பாடு :-)

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளும் இதே சோலிதான். ஆரம்பம் அற்பமா இருந்தாலும் முடிவு அமோகமா இருக்கும்ங்கிற யோபு 8:7 எத்தனை வீட்டுச் சுவத்துல தொங்குது! அதைச் சொன்னது யாருன்னு பாத்தீங்களா? பில்தாத். 'உன் பிள்ளைங்க பாவம் செஞ்சாங்க, அதான் செத்தாங்க'ன்னு பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, மூணு வசனம் தள்ளி அவன் விடுற டயலாக் அது. யோபு 42:7-ல தேவன் அவங்க மேல கோவப்பட்டார்னே எழுதியிருக்கு. நானும் காலேஜ்ல அந்த அட்டையை ஹால் டிக்கெட்டோட வச்சிருந்தவன்தான், மறைக்கலை. எரேமியா 29:11-ம் அப்படித்தான். அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருசம்னு இருக்கு. அதைக் கேட்ட பெரியவங்கள்ல முக்காவாசிப் பேர் பாபிலோன்லயே அடக்கமாகியிருப்பாங்க.

'அப்ப ஜெபமே வேண்டாம்கிறியா'ன்னு வருவீங்க. வேணும். யாக்கோபு 5:14 எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுன்னுதான் சொல்லுது. பாவம் 'செஞ்சிருந்தா'ன்னு ஒரு வார்த்தையும் அங்க இருக்கு. அந்த 'இருந்தா'வைத் தூக்கிட்டு விசாரணைக் கமிஷன் வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பிறவிக் குருடனைப் பாத்து சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான், யார் செஞ்ச பாவம்னு. இயேசு என்ன பதில் சொன்னார்னு யோவான் 9-ல இருக்கு. சண்டே ஸ்கூல் பிள்ளைக்கே தெரியும்.

இரக்கம்னா என்ன? ஏசாயா 46 எனக்குப் பிடிச்ச இடம். பாபிலோன் சாமிகளை மாடுங்க சுமந்து களைச்சுப் போகுது. இங்க தேவன் தன் ஜனத்தைச் சுமக்கிறார், தலை நரைக்கிற வரைக்கும். நடக்கத் தெம்பிருக்கிறவனை எதுக்குச் சுமக்கணும்? 'சுமப்பேன்'ங்கிற வார்த்தைக்குள்ளயே முழங்கால் போயிரும், கண்ணு போயிரும்ங்கிறதும் அடக்கம். முதுமையை நீக்கிருவேன்னு அங்க எழுதலை.

இப்ப தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன்ல ஆச்சிக்கு ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். ஆடியோ பைபிள் போட்டுக் கொடுத்தேன், 'அவன் செய்தி வாசிக்கிறவன் மாதிரி வாசிக்கான்'னு வேண்டாம்னுட்டாங்க. போன வாரம் 2 சாமுவேல் 19. எண்பது வயசு பர்சிலாயி, ராஜா அரண்மனைக்குக் கூப்பிட்டும் 'சாப்பாட்டு ருசி தெரியலை, பாட்டுச் சத்தம் கேக்கலை, எங்க ஊர்லயே சாகுறேன்'னு சொல்ற இடம். ஆச்சி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தாவீது அவரைக் கண்டிக்கலை, முத்தம் கொடுத்து அனுப்பினான்னு வாசிச்சப்போ அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிட்டோன்னு நினைச்சேன்.

"இருக்கேம்ல. அந்தப் பய கிம்காம் ராஜா கூடப் போனானே, அவன் என்ன ஆனான்? மேல வாசி."